விண்டோஸ் 11க்கு மாறியபோது மறித்தவை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. திருகோணமலை அலுவலகக் கணினிகளில் முதலில் பார்த்தது புரொசசரை. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல்தான் 11 ஏற்கும். அதற்குக் கீழானவற்றை இணையத்திலிருந்து கழற்றித் தட்டச்சுக்கு ஒதுக்கியாயிற்று.

தகுதியான புரொசசர் இருந்தும் சில கணினிகள் 'டிபிஎம் 2.0 இல்லை' என்றன; டிபிஎம் என்பது 11 கேட்கும் பாதுகாப்புக் கூறு. பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) இன்டெலின் டிபிஎம் வடிவமான பிடிடி அணைந்திருந்ததே காரணம், இயக்கியதும் சரி.

11 கேட்கும் மற்றொன்றான செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளால் மட்டும் கணினியைத் தொடங்கவிடும் வசதி) அவ்வளவு லேசில்லை. அதற்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை வேண்டும். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும்போது பயோஸில் லெகசியை (பழைய தொடக்க முறை) யூஇஎஃப்ஐ ஆக்கினால் விண்டோஸ் எழும்பாது. முதலில் தரவுகளை வெளி டிஸ்கில் பிரதியெடுங்கள். பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டும் குறியாக்கம்) இருந்தால் இடைநிறுத்தி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதுங்கள். பிறகு நிர்வாகி உரிமையுடன் டிஸ்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை 'வேலிடேட்' (சோதனை மட்டும்) என்று ஓட்டுங்கள். பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்கின் முதன்மைப் பிரிவு) மூன்றுக்கு மேல் இருந்தால் தோற்கும். தேறினால் 'கன்வெர்ட்' என்று ஓட்டி மாற்றுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டுவதால், இரண்டிலும் 'அலவ்ஃபுல்ஓஎஸ்' சேர்க்காவிட்டால் ஓடாது. அதன்பின்தான் பயோஸில் யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்து அலுவலகங்களுக்கு இன்னொன்று முக்கியம்: பாமினி என்ற, யுனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. டிஸ்கை அழித்துப் புதிதாக நிறுவினால் அந்த எழுத்துரு போய்விடும். பழைய தமிழ்க் கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கடிதம் கெடவில்லை, பதற வேண்டாம். எழுத்துருக் கோப்பை முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்துத் திரும்ப நிறுவினால் எல்லாம் மீளும்.