பழைய போர்வீல் கெப்ப படுவான்கரை ரோட்டுக்கு ரெடி பண்றது எப்பிடி

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் போர்வீல் கெப் (நாலு சில்லும் இழுக்கிற பிக்கப்) ஒண்டு கைக்கு வந்த உடனே எல்லாரும் முதல் தேடுறது பெரிய ரயரும் புல்பாரும் கூரை லைட்டும்தான். அந்த ஆசை எனக்கும் விளங்கும், ஆனா நம்மட படுவான்கரைப் பக்கம், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, கெப்ப கொல்லுறது கல்லும் மலையும் இல்ல, தண்ணி. மாரி தொடங்கினா கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டுக்கு மேலால பாயுது, வெல்லாவெளி மண்டூர் பக்கமும் அப்பிடித்தான், கடக்கரையில எண்டா வருசம் முழுக்க உப்புக்காத்து. அதால முதல் காச தண்ணி உள்ள போகாம இரிக்கிறதுக்கு செலவழிங்க, மத்ததெல்லாம் பிறகு பாக்கலாம்.

நான் சொல்லுறது எல்என்106 ஹைலக்ஸ வச்சி. 3எல் டீசல் எஞ்சின், 2779 சிசி, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கட்டி அக்சில், நாலு பக்கமும் பட்ட ஸ்பிரிங். வேற கெப் வச்சிருக்கிறவங்களுக்கும் கணக்க விசயம் பொருந்தும்.

முதல் செசி, அதாவது வண்டியிட அடிச்சட்டம். சின்னச் சுத்தியல் ஒண்டும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில படுங்க. பின் ஸ்பிரிங் பூட்டுற இடத்துக்கு மேல, சாமான் ஏத்துற பெட்டிக்கு அடியில, சேறு தங்குற மூலையெல்லாம் தட்டிப் பாருங்க, நல்ல இரும்பு கணீரெண்டு கேக்கும், உக்கினது மொத்தச் சத்தமா கேக்கும், டிரைவரால குத்தினா உள்ள போகும். உக்கின இடத்த வெட்டி எடுத்துப்போட்டுத்தான் தகடு வைக்கணும், கறலுக்கு மேல வெல்டிங் பிடிக்காது. தகட்டிட ரெண்டு நுனியையும் நேரா வெட்டாம கூரா வெட்டச் சொல்லுங்க, நேரா குறுக்கால வெல்டிங் அடிச்சா அந்தக் கோட்டிலயே பிறகு செசி வெடிக்கும். வெல்டிங்குக்கு முதல் பற்றரி வயர கழட்டுங்க, இல்லாட்டி ஓல்டனேட்டர் போயிரும். பழைய எஞ்சின் ஒயில அடியில அடிக்கிற பழக்கம் ஒண்டு இரிக்கு, அது ரப்பர் புஷ்ஷ ஊத வைக்கும், பிரேக்கில பட்டா இன்னும் மோசம், வயல் தண்ணியிலயும் கலக்கும். மெழுகு மாதிரி ஒட்டுற கறல் மருந்து வாங்கி செசிக்கு உள்ளுக்கும் அடிங்க.

இப்ப முக்கியமான விசயம், பிரீதர். அக்சிலுக்கு மேல சின்ன மூடி போட்ட நிப்பிள் ஒண்டு இரிக்கும், டிபரன்ஷல் (அக்சிலுக்கு நடுவில இருக்கிற பல்லுச்சில்லுப் பெட்டி) சூடாகினா காத்து அதாலதான் வெளிய போகும். சேறு அடைச்சா அது வேலை செய்யாது. நீங்க பத்துப் பதினைஞ்சு கிலோமீற்றர் ஓடி அக்சில் நல்லாச் சூடாகி இரிக்கக்குள்ள குளிர் தண்ணிக்க இறக்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கும், சுருங்கினா எங்கயாவது இருந்து இழுக்கணும்தானே, சீல் வழியா தண்ணியத்தான் இழுக்கும். எனக்கு இது நடந்தது. ஒரு மாரிக்கு ரெண்டு மூண்டு தரம் தண்ணி கடந்தன், கெப் நல்லாத்தான் ஓடினது, தை மாசம் பின் டிபரன்ஷல் நட்ட கழட்டினா முதல் ஒரு கோப்பை அளவு வெறும் தண்ணி, மறுகா பால் தேத்தண்ணி நிறத்தில ஒயில். விரல்ல தொட்டு உரசினன், வழுவழுப்பே இல்ல. பெயரிங் எல்லாம் புள்ளி புள்ளியா கறல் குத்தி, முழுசா மாத்த வேண்டி வந்தது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அந்த நிப்பிள கழட்டி அதே மரைக்கு ஹோஸ் பூட்டுற நிப்பிள் ஒண்டு போடுங்க, டீசல் ஹோஸ முன் அக்சில்ல இருந்து எஞ்சினுக்கு மேல வரைக்கும் கொண்டு போங்க, பின் அக்சில்ல இருந்து பெட்டிட மேல் மட்டம் வரைக்கும். அக்சில் மேல கீழ ஆடுறதுக்கு ஹோஸ்ல தளர்வு விடணும். நுனியில மோட்டர்சைக்கிள் பெற்றோல் பில்டர் சின்னது ஒண்டு போட்டா தூசி போகாது. கியர்பொக்சுக்கும், முன் பின் அக்சிலுக்கு இழுவைய பிரிச்சுக் குடுக்கிற ட்ரான்ஸ்பர் கேசுக்கும் இதே மாதிரி.

முன் சில்லுக்க, அக்சில் நுனியில சில்லு திரும்புற உருண்டை வீட்டையும் பாருங்க. உள் சீல் போனா டிபரன்ஷல் ஒயில் கிறீசோட கலந்து கஞ்சி மாதிரி வழியும். சில்ல ஜக் அடிச்சு மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் தெரிஞ்சா பெயரிங் வேலை இரிக்கு. ரெண்டு பக்கமும் ஒரேயடியா செய்ங்க.

எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதெண்டு விக்கிற ஆள் சொல்லுறத நம்பாம புதுசு போடுங்க, அதுக்கு 100,000 கிலோமீற்றர்தான் கணக்கு. அறுவடை காலம் வட்டைக்குள்ள ஓடினா வைக்கோல் தூசி ரேடியேட்டர்ல அப்பும், எஞ்சின் பக்கத்தில இருந்து முன்னுக்கு மெதுவான தண்ணியால கழுவுங்க. சூடேறினா சிலிண்டர் ஹெட் வெடிக்கிற எஞ்சின் இது. டீசல் பில்டருக்கு அடியில சேருற தண்ணியையும் அடிக்கடி திறந்து விடுங்க.

உயரம் ரெண்டு இஞ்சி கூட்டினா காணும். நெல் மூடை ஏத்துறவங்க பின்னுக்கு ஒரு பட்டை கூடுதலா போடலாம், முன் ஸ்பிரிங்குக்கு கட்டை வச்சு உயர்த்துறது வேணவே வேணாம், பிரேக் பிடிக்கக்குள்ள அக்சில் முறுகும். உயர்த்தினாப்பிறகு சில்ல தொங்க விட்டு பிரேக் ஹோஸ் இழுபடுதா எண்டு பாருங்க. ரயர் 235/75ஆர்15 ஏறத்தாழ 29 இஞ்சி உயரம், அதுக்குப் பதிலா 31 இஞ்சி போட்டா மீற்றர் 60 காட்டக்குள்ள நீங்க உண்மையில 64ல போறீங்க, மூடையோட ஏத்தத்தில இழுவையும் குறையும். எனக்கு 31 கூட வேணாம் எண்டுதான் படுது, நல்ல பட்டன் வச்ச 29 இஞ்சி சுரியில நல்லா ஏறுது. பாணம பக்கத்து மணல்ல 18 பிஎஸ்ஐ வரைக்கும் காத்த இறக்குங்க, தார் ரோட்டுக்கு வந்த உடனே திரும்ப அடிங்க. செங்கலடி பதுளை ரோட்டுல ஏறினா போர்வீல கழட்டி பின் சில்லு ஓட்டத்துக்கு மாத்திருங்க, இதுக்கு நடு டிபரன்ஷல் இல்ல, காஞ்ச தார்ல கிறுகினா உள்ள முறுகும்.

தண்ணி கடக்க முதல் பத்து நிமிசம் நிப்பாட்டி அக்சில ஆற விடுங்க, தடியோட நடந்து பாருங்க, முழங்காலுக்கு மேல இழுத்துப் பாயுதெண்டா திரும்பிருங்க. ஸ்னோக்கல் (எஞ்சினுக்கு காத்த உயரத்தில இருந்து இழுக்கிற குழாய்) போட்டாலும் ஏர் பில்டர் வரைக்கும் ஒவ்வொரு மூட்டும் இறுக்கமா இருந்தாத்தான் பிரயோசனம். எல்4ல (போர்வீல் மெது ஓட்டம்) ரெண்டாம் கியர், ஒரே வேகம். நடுவில எஞ்சின் நிண்டா திரும்ப ஸ்டார்ட் அடிக்க வேணாம், சிலிண்டருக்க தண்ணி இருந்தா அது அமுங்காது, பிஸ்டன் ரொட் வளைஞ்சிரும், இழுத்து வெளிய எடுத்து குளோ பிளக்க கழட்டி தண்ணிய வெளிய தள்ளினாப் பிறகுதான். கரை ஏறினா பிரேக்க ரெண்டு மூண்டு தரம் மெதுவா அமத்தி காய வைங்க, பின் ட்ரம்முக்க சேறு நிக்கும்.

வண்டியில ஜக்குக்கு அடியில வைக்க ரெண்டு இஞ்சி தடிப்பில பலகை ஒண்டு கட்டாயம் இரிக்கணும், சுரியில ஜக் கீழதான் போகும், கெப் மேல வராது. இழுக்கிற கயித்த செசியில போல்ட் போட்ட கொக்கியிலதான் கொளுவணும், ட்ரெய்லர் கொளுவுற உருண்டையான டோபோல்ல கொளுவினா அது உடைஞ்சு பறந்து ஆள கொல்லும். இழுக்கக்குள்ள கயித்துக்கு மேல நனைஞ்ச சாக்கொண்டு போடுங்க, பிள்ளைகள கிட்ட நிக்க விடாதீங்க.

வாழைச்சேனையில மீன் ஏத்துறவங்க பெட்டிக்கு அடியில கவனம், ஐஸ் உருகி வழியிற தண்ணி உப்பும் இரத்தமும் கலந்தது, ஒரு வருசத்தில தகட்ட தின்னும். பெட்டியிட தண்ணி ஓட்டைய கம்பியால குத்தி விட்டு அண்டண்டைக்கே நல்ல தண்ணியால கழுவுங்க, செசிட பக்க ஓட்டைக்குள்ளயும் ஹோஸ விடுங்க, உள்ள இருந்து மணல் வாறது நிக்கும் வரைக்கும்.