சட்டைப்பைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கி: டர்பன் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் தற்காப்புக்காக உரிமம் பெற்றுச் சிறிய கைத்துப்பாக்கி வைத்திருப்போர், அதைக் கால்சட்டைப் பையில் வெறுமனே போட்டுக்கொண்டு நடப்பதை இன்றே நிறுத்த வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த, உடலோடு இணைத்த உறையிலோ, முதுகுப்பை போன்ற ஒன்றிலோதான் கொண்டு செல்லலாம். அது வெளியே சிறிதும் தெரியாமல் முழுவதும் மூடப்பட்டு, உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும்.

சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையை முழுமையாக மூடும் விறைப்பான உறையையே தேர்ந்தெடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் தளர்ந்த துணியுறை என் பார்வையில் உறையே அன்று. உறையோடு துப்பாக்கி இருக்கும் பையில் சாவி, சில்லறை, கைபேசி எதுவும் சேரக்கூடாது, ஏனெனில் விசைக்குள் நுழையும் ஒரு சாவியே குண்டை வெடிக்கச் செய்யப் போதும். பையில் சேரும் பஞ்சும் தூசியும் சிறிய துப்பாக்கியின் இயக்கத்தைத் தடுக்கும் என்பதால், தோட்டாக்களை அகற்றி, துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருப்பதை உறுதிசெய்த பின் அடிக்கடி துடைத்து வையுங்கள். காவடித் திருவிழாவுக்கு வேட்டி கட்டிச் செல்லும் நாளில் அது வீட்டுப் பெட்டகத்திலேயே பூட்டியிருக்கட்டும். தற்காப்பு உரிமம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். காலாவதிக்குக் குறைந்தது 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும்.