பாலிகார்பனேட் ஷீட்: வெயில் பக்கம் எது?

வெளிப்புற வேலைக்குப் பாலிகார்பனேட் ஷீட் வெட்டக் கொடுக்கும்போது, “ஷீட் மேல ஒட்டியிருக்கிற ஃபிலிமை உரிக்காதீங்க, ஒவ்வொரு துண்டிலும் வெயில் பக்கம் எதுன்னு ஃபிலிம் மேலேயே எழுதிடுங்க” என்று ஃபேப்ரிகேட்டரிடம் ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான ஷீட்டுகளில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒரு பக்கம் மட்டும்தான். எந்தப் பக்கம் என்பது ஃபிலிமில் அச்சிட்டிருக்கும். சின்னத் துண்டுகளில் அந்த எழுத்து வராமலே போகலாம், உரித்துவிட்டால் வெறும் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாற்றிப் பொருத்தினால் சில வருடங்களிலேயே மஞ்சளித்து, திருகாணி போட்ட இடத்தில் விரிசல் விடும். பொருத்தியதும் ஃபிலிமை உரித்துவிடுங்கள், வெயில் பட்டால் பசை இறுகிவிடும்.

இருபக்கப் பூச்சுள்ள ஷீட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் இப்படிப் பக்கம் குறிக்கத் தேவையில்லை. சூடாக்கி வளைக்கும் வேலையா? ஃபிலிமை முன்பே உரித்தாக வேண்டும். ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு உரிக்கச் சொல்லுங்கள்.