குடும்பப் படங்களுக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்

மகள் பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை எடுத்த எல்லாப் படங்களும், மாமனாரின் அறுபதாம் கல்யாண வீடியோவும் எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒருநாள் அதன் வயரில் கால் தடுக்கி டிஸ்க் மேசையிலிருந்து தரையில் விழுந்தது. மூன்றடி உயரம்கூட இருக்காது. திரும்பக் கம்ப்யூட்டரில் சொருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது, உள்ளே இருப்பது எதுவும் தெரியவில்லை. மீட்டுத்தரும் கடை ஒன்றில் கொடுத்தோம். பெரிய தொகை வாங்கிக்கொண்டு பாதியைத்தான் எடுத்துத் தந்தார்கள், அதிலும் வீடியோக்கள் பல ஓடவில்லை. மாமனார் இப்போது இல்லை. அவர் குரல் இருந்த அந்த வீடியோ மீட்ட பாதியில் இல்லை.

அன்று வரை நாங்கள் பேக்கப் எடுத்துவைத்திருக்கிறோம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் செய்தது என்னவென்றால், போனில் இடம் நிறைந்ததும் எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்தோம். அதாவது படம் இருந்த இடம் மாறியதே தவிர, இரண்டாவது பிரதி என்று ஒன்று உருவாகவே இல்லை. "ஹார்ட் டிஸ்க்கில் போட்டாச்சு" என்று சொல்லும் பல வீடுகளில் நிலைமை இதுதான். அதனால் இதை நிதானமாகப் படித்து, இந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

கணக்கு எளிது. எந்தப் படத்துக்கும் மூன்று பிரதி வேண்டும், அவை குறைந்தது இரண்டு விதமான இடத்தில் இருக்க வேண்டும், ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இதை 3-2-1 என்பார்கள். புகைப்படக்காரர் பீட்டர் குரோக் இதைப் பரவலாக்கினார். நம் வீட்டு அளவுக்குச் சொன்னால்: லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் அல்லது கிளவுடில் (கூகுள் போட்டோஸ் போல இணையத்தில் படங்களைச் சேமிக்கும் இடம்) ஒன்று. லேப்டாப் இல்லாத வீடு என்றால் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுட்.

வெளியே ஒன்று ஏன் என்று கேட்டால் நம் ஊர் மழையே பதில். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளில் பீரோ வரை தண்ணீர் ஏறியபோது ஆல்பம், கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே இரவில் போயின. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஒரே அலமாரியில் நான்கு டிஸ்க் வைத்திருந்தாலும் அந்தத் தண்ணீருக்கு அது ஒரு பிரதிதான்.

முதலில் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள்

இதுதான் அதிக நேரம் எடுக்கும் வேலை, இதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: யார் யார் போன், அலமாரியில் கிடக்கும் பழைய போன்கள், பழைய கேமராவின் மெமரி கார்டு, பென் டிரைவ், கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் கொடுத்த டி.வி.டி., அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர். பழைய போன் ஆன் ஆகிறது என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் கடையில் காட்டுங்கள். வீட்டு விசேஷத்துக்கு ஸ்டூடியோக்காரரை வைத்திருந்தால், எடிட் செய்த வீடியோவோடு நிற்காமல் அவர் எடுத்த முழுப் படங்களையும் ஒரு டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். அவர்களும் அடுத்தடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டி பழையதை அழித்துத்தானே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் பாதிப் படங்கள் அங்கேதான் இருக்கின்றன, ஆனால் அங்கே இருப்பது மூலப்படம் இல்லை. சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடும், எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களையும் நீக்கிவிடும். பெரிதாக்கிச் சட்டம் போட நினைத்தால் அப்போதுதான் தெரியும். ஆகவே கல்யாணத்தில் சித்தி எடுத்த நல்ல படம் வேண்டுமென்றால், அதை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் கோப்பு அப்படியே வரும், 2 ஜி.பி. வரை அனுப்பலாம். குரூப்பில் வந்த வீடியோவைத் தொடாமலே விட்டு, பல மாதம் கழித்துத் தொட்டால் பெரும்பாலும் இறங்காது. வேண்டியதை வந்த நாளிலேயே இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று, ஆண்ட்ராய்டு போனில் கூகுள் போட்டோஸ் பேக்கப்பை ஆன் செய்தால் அது முதலில் கேமரா எடுத்த படங்களை மட்டும்தான் ஏற்றும். வாட்ஸ்அப் ஃபோல்டரை அமைப்புகளில் போய் நீங்களாகச் சேர்க்க வேண்டும். அதில் ‘காலை வணக்கம்’ படங்களும் சேர்ந்து ஏறும் என்பதால் முதலில் கொஞ்சம் அழித்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. அப்புறம், வாட்ஸ்அப்பில் பாட்டி பேசி அனுப்பிய குரல் பதிவுகள் எந்தப் படச் செயலியிலும் ஏறாது. அவை படமும் இல்லை, வீடியோவும் இல்லை. அவற்றைத் தேர்ந்தெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டு, அங்கிருந்து கம்ப்யூட்டரில் இறக்குங்கள். என்னைக் கேட்டால் படங்களுக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

டிஸ்க் வாங்குவதும் நிரப்புவதும்

சாதாரணக் குடும்பத்துக்கு 2 டி.பி. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு போதும். 4கே-வில் வீடியோ எடுக்கும் பழக்கம் இருந்தால் ஒரு நிமிடமே 170 முதல் 400 எம்.பி. வரை பிடிக்கும், அப்படியானால் 4 டி.பி. வாங்குங்கள். இரண்டையும் ஒரே பிராண்டில், ஒரே நாளில் வாங்காமல் வேறு வேறாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து பழுதாகும் வாய்ப்பு குறையும். எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) விழுந்தாலும் தாங்கும், வேகம், ஆனால் பல ஆண்டுகள் மின்சாரமே கொடுக்காமல் பூட்டிவைத்தால் உள்ளே இருப்பது மெல்ல அழிய வாய்ப்பு உண்டு. அலமாரியில் வைக்கிற பிரதிக்குப் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கே எனக்குச் சரி. பென் டிரைவும் மெமரி கார்டும் கொண்டுபோகத்தான், சேமித்துவைக்க இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென் டிரைவ் என்று விற்பவை போலி. நிரப்பிக்கொண்டே போகும்போது ஏறுவதுபோலத் தெரியும், பிறகு திறந்தால் படம் பாதி சாம்பல் நிறமாக இருக்கும்.

புது டிஸ்க்கைப் படம் ஏற்றுவதற்கு முன்னால் எக்ஸ்-ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மட் செய்தால் விண்டோஸிலும் மேக்கிலும் திறக்கும். பழைய ஃபேட்32-இல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது, கல்யாண வீடியோ அங்கேதான் மாட்டும்.

ஃபோல்டர் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் வையுங்கள், "2019-02-10 தம்பி கல்யாணம்" என்பதுபோல. அப்படிப் பெயர் வைத்தால் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கும். ஆனால் பெயர் வைத்து, மங்கலானதை நீக்கி, ஒழுங்குபடுத்திய பிறகு பேக்கப் எடுக்கலாம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அந்த ஒழுங்குபடுத்தல் ஒருநாளும் முடியாது. குப்பையோடு சேர்த்தே முதலில் பிரதி எடுங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

பிரதி எடுக்கும்போது கட்-பேஸ்ட் வேண்டவே வேண்டாம், காப்பி மட்டும். கட் செய்யும்போது நடுவில் கரன்ட் போனால் எது எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துக் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு பழைய படம் ஐந்து, புதியது ஐந்து, நீளமான வீடியோ இரண்டு திறந்து, வீடியோவைக் கடைசி நிமிடம் வரை தள்ளி ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் டெராகாப்பி என்ற செயலியை வைத்துக்கொண்டால் காப்பி ஆன ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துச் சொல்லும். அடுத்த முறையிலிருந்து புதிதாகச் சேர்ந்ததை மட்டும் ஏற்ற ஃப்ரீஃபைல்சிங்க் என்ற செயலி இருக்கிறது, இலவசம். அதில் ‘மிரர்’ என்ற முறையைக் கவனமாகப் பயன்படுத்துங்கள், மூலத்தில் நீங்கள் தவறி அழித்ததை அது பிரதியிலும் அழித்துவிடும். புதிதாகச் சேர்ந்ததையும் மாறியதையும் மட்டும் ஏற்றும் ‘அப்டேட்’ முறையே போதும்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் சொருகியே இருந்தால், கம்ப்யூட்டருக்குள் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும்.

கிளவுட் போதாதா?

போதாது, ஆனால் வேண்டும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்த காலம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். ஐபோனின் ஐகிளவுடில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜி.பி. நிரம்பியபின் புதுப் படம் ஏறாமல் நின்றுவிடும், அறிவிப்பை நாம் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்போம், ஒரு வருடப் படம் ஏறவே இல்லை என்பது போன் தொலைந்த பிறகு தெரியும். கூகுளில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று வைத்திருந்தால் படம் 16 மெகாபிக்சலுக்கும் வீடியோ 1080p தரத்துக்கும் சுருங்கும் என்பதையும் பாருங்கள். மூலத்தரம் வேண்டுமென்றால் ‘ஒரிஜினல் குவாலிட்டி’ தேர்ந்தெடுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இவை போனோடு ஒத்துப்போகும்படி இயங்குபவை. போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். பேக்கப் ஆன படம் கூகுளின் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐபோனில் 30 நாள், அதற்குப் பிறகு இல்லை. குழந்தை போனை வைத்து விளையாடும் வீட்டில் இதை நினைத்துப்பாருங்கள். ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ பொத்தான் வேறு விதம், அது போனிலிருப்பதை மட்டும் நீக்கும். ஆனால் அழுத்திய பிறகு அந்தப் படம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அதை அழுத்துவதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியிருக்க வேண்டும். ஐபோனில் ‘ஆப்டிமைஸ்’ வைத்திருந்தாலும் இதே கதை, போனில் இருப்பது சிறு உரு மட்டும்.

கிளவுடிலிருப்பதை மொத்தமாக வீட்டுக்குக் கொண்டுவர கூகுள் டேக்கவுட் இருக்கிறது. போட்டோஸ் மட்டும் டிக் செய்து, ஒரு ஜிப்பின் அளவை 10 ஜி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள், நெட் பாதியில் அறுந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. இணைப்பு ஏழு நாள்தான் இருக்கும், அதற்குள் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். படங்களோடு ஜேசன் என்று சின்னச் சின்னக் கோப்புகள் வரும். அவற்றில் தேதியும் குறிப்பும் இருக்கின்றன, அழிக்காதீர்கள்.

அப்பா அம்மாவின் கணக்குகளையும் பாருங்கள். இரண்டு ஆண்டு யாரும் திறக்காத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம், 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அப்பா காலமானபின் அவர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், எண் துண்டிக்கப்பட்டு 90 நாளுக்குப் பிறகு வேறு ஒருவருக்குப் போகலாம், அந்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. போகும். கூகுளில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’, ஆப்பிளில் ‘லெகஸி கான்டாக்ட்’ என்ற, உரியவர் இல்லாதபோது அவர் கணக்கிலிருப்பதை வேறொருவர் எடுக்க வழிசெய்யும் வசதிகளில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி, அவர்களோடு உட்கார்ந்து செய்துகொடுங்கள். பேசுவதற்குச் சங்கடமான விஷயம்தான், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பழைய வி.எச்.எஸ். வீடியோ கேசட் வீட்டில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அதை ஓட்டும் வி.சி.ஆர். கருவியைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016-இல் நிறுத்திவிட்டது, ஓடுகிற கருவியும் ஓட்டத் தெரிந்தவரும் குறைந்துகொண்டே வருகிறார்கள், நம் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தெரிந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்காமல், மாற்றித்தரும் இடத்தில் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது டிஸ்க்குக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு இது. மதுரையில் அக்கா வீட்டு பீரோவில் ஒன்று, எங்களிடம் ஒன்று. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரைத் துடைக்கும்போதே எங்களிடம் இருப்பதில் அந்த ஆண்டுப் படங்களை ஏற்றிச் சரிபார்ப்போம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அதைக் கொடுத்துவிட்டு அங்கே இருப்பதை வாங்கிவருவோம், வந்ததும் அதிலும் ஏற்றுவோம். அக்காவும் தன் வீட்டுப் படங்களை இதேபோல எங்களிடம் வைத்திருக்கிறாள். நடுவில் சேரும் படங்களை மாதம் ஒருமுறை லேப்டாப்பில் இறக்கிக்கொள்கிறோம். ஐந்தாறு வருடமான டிஸ்க்கை, நன்றாக ஓடினாலும், மாற்றிவிடுகிறோம்.

வேறு வீட்டில் வைப்பதால் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறோம். போட்டால் அதை எழுதியும் வைக்க வேண்டும். போன வருடம் மனைவியிடம் டிஸ்க்கைக் கொடுத்து, 2021 பொங்கல் படம் ஒன்றை எடுத்துக்காட்டு என்றேன், நான் உதவிக்குப் போகவில்லை. கடவுச்சொல் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, எந்த வயர் என்பதும் தெரியவில்லை. இப்போது வயர் டிஸ்க்கோடு ரப்பர் பேண்டில் சுற்றியிருக்கிறது, கடவுச்சொல் பத்திரங்கள் இருக்கும் கவரில் ஒரு சீட்டிலும், அக்காவின் டைரியிலும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருமுறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்.