33333 போனது போகட்டும்: ஓடோமீட்டரில் எண் பிடிக்கத் தொடங்குவது எப்படி?

இரண்டு வருடம் முன்பு காரை சர்வீசுக்கு விட்டபோது மீட்டரில் 33330. சாயங்காலம் திரும்ப எடுத்தபோது 33336. ஒர்க்‌ஷாப் பையன் டெஸ்ட் டிரைவ் போன ஏதோ ஒரு தெருவில், ஒருவர் கண்ணிலும் படாமல் 33333 வந்து போய்விட்டது. "பிரேக் இப்ப நல்லா பிடிக்குதா சார்?" என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லவே வாய் வரவில்லை.

அப்படி ஒரு துக்கம் உங்களுக்கும் வர வேண்டும் என்றால், அதாவது ஓடோமீட்டரில் அழகான எண் வரும் நேரத்தைக் கண்ணால் பிடிக்கிற இந்தக் கிறுக்கு உங்களையும் பிடிக்க வேண்டும் என்றால், மேலே படியுங்கள். நான் செங்கோட்டைக்காரன். வேலை நிமித்தமாகப் புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கேரளத்துப் புனலூருக்கு அடிக்கடி போய்வருகிறேன். என் வேட்டையெல்லாம் இந்த மலைப்பாதையில்தான்.

படி 1: மீட்டரைப் பழகிக்கொள்ளுங்கள்

வண்டி பிறந்ததிலிருந்து ஓடிய மொத்தத் தூரம் ஓடோமீட்டர். அதை நீங்கள் அழிக்க முடியாது. டிரிப் மீட்டரைப் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கலாம். நமக்கு ஓடோமீட்டர்தான் முக்கியம். (பழைய வண்டியை விற்க மீட்டரைக் குறைத்து வைக்கிறவர்கள் உண்டு. அது மோசடி, அவர்களோடு நமக்குப் பேச்சில்லை.)

அப்பாவின் பழைய காரில் எண்கள் சின்னச் சின்ன உருளைகளில் இருக்கும். ஓர் உருளை முழுச்சுற்று முடித்தால் பக்கத்து உருளை ஓர் எண் நகரும். 39999 முடியும்போது ஐந்து உருளைகளும் சேர்ந்து மெல்லப் புரளும். அந்தக் காட்சிக்கு ஈடாக இன்றைய டிஜிட்டல் மீட்டரில் ஒன்றுமே இல்லை. சட்டென்று மாறிவிடுகிறது, அவ்வளவுதான்.

படி 2: எதைத் தேடுவது?

ஒரே இலக்க எண்கள் எல்லாருக்கும் தெரியும்: 11111, 22222. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 11,111 கிலோமீட்டர். 12345, 23456 போன்ற ஏணி எண்களுக்கும் அதே இடைவெளிதான். இவற்றை மட்டும் நம்பினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அதனால் தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது விகடகவி எண்கள். 45654 மாதிரி, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. ஐந்து இலக்க மீட்டரில் பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு ஒன்று வரும். நடு இலக்கம் 9 ஆக இருந்தால் அடுத்ததற்கு 110 ஆகும்: 45954, பிறகு 46064. ஆனால் 19991 வந்ததும் விழிப்பாக இருங்கள், 11 கிலோமீட்டரில் 20002 வந்து நிற்கும். மீட்டர் லட்சத்தைத் தாண்டிவிட்டால் பொறுமை வேண்டும். 123321க்கு அடுத்தது 124421, நடுவில் 1,100 கிலோமீட்டர்.

தேதி எண்கள் இன்னொரு வகை. 15847 சுதந்திர தினம், 26150 குடியரசு தினம். எங்கள் ஊருக்கென்றே ஒன்று உண்டு: 11156. 1956 நவம்பர் 1. திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்ததும் அன்றுதான், கேரளம் பிறந்ததும் அன்றுதான். அந்த எண்ணை நான் இந்தப் பக்கமும் ஆரியங்காவுக்காரர் அந்தப் பக்கமும் ஒரே காரணத்துக்காகக் கொண்டாடலாம். 11111 தாண்டி வெறும் 45 கிலோமீட்டரில் அது வந்துவிடும்.

ராமானுஜன் எண்ணான 1729ஐப் புது வண்டிக்காரர் மட்டுமே ஓடோமீட்டரில் பார்க்க முடியும். மற்றவர்களுக்கு டிரிப் மீட்டரின் 172.9 இருக்கிறது. மட்டமான மாற்று என்று நண்பர் ஒருவர் சொல்வார். ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதர் ஹார்டி ஏறி வந்த டாக்சியின் எண்தானே அது, கார் மீட்டரில் புள்ளியோடு வந்தால் என்ன குறைந்துவிடும்?

படி 3: கணக்குப் போடுங்கள்

மீட்டர் 45602 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று இலக்கம் 456. அதன் முதல் இரண்டைத் திருப்பிப் பின்னால் ஒட்டினால் 45654. இன்னும் 52 கிலோமீட்டர். மீட்டர் 45670 என்றால் அது போய்விட்டது. 456ஐ 457 ஆக்கி 45754 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சர்வீசுக்கு விடும் முன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 4: பிடிப்பது

ஓர் எண்ணுக்கு ஆயுள் ஒரு கிலோமீட்டர். அறுபதில் போனால் ஒரு நிமிடம், மலையில் முப்பதில் ஏறினால் இரண்டு நிமிடம். ஓட்டிக்கொண்டே போட்டோ எடுக்கவே கூடாது. பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். தனியாகப் போனால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள்.

சென்ற வருடம் 45654 எங்கள் வீட்டு வாசலிலேயே விழுந்தது. 24 கிலோமீட்டரில் 45678 என்று மகள் உடனே சொல்லிவிட்டாள். ஆரியங்காவு தாண்டியதும், "யப்பா, இன்னும் ரெண்டு... இன்னும் ஒண்ணு..." என்று அவள் எண்ண, ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். வண்டி மக்கர் என்று நினைத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். "எந்து பற்றி?" (என்ன ஆச்சு?) என்றார். மீட்டரைக் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு தன் ஜீப்பிடம் போய் எட்டிப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பினார். அதில் மீட்டர் எப்போதோ நின்றுவிட்டதாம்.

படி 5: ஒன்றும் வராத நாளில்

கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன்மார் வண்டிகள் செக்போஸ்டில் வரிசை கட்டும். அப்போது மீட்டர் நகராது, ஆனால் விளையாடலாம். இலக்கங்களைக் கூட்டி, அந்தத் தொகையால் எண்ணை வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் போனால் அது ஹர்ஷத் எண், மகிழ்ச்சி தருவது என்று பொருள். மகாராஷ்டிரத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கணிதர் கப்ரேகர் வைத்த பெயர். 41256ஐக் கூட்டினால் 18, வகுத்தால் சரியாக 2292. 1729ம் இந்தக் கூட்டம்தான்: கூட்டினால் 19, வகுத்தால் 91!

கடைசியாக ஒரு கட்டுப்பாடு: எண்ணுக்காக மட்டும் வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல் விலை தெரியுமல்லவா?

இன்று என் மீட்டர் 54309. நாளை மறுநாள் புனலூர் போக வேண்டும். நேராகப் போனால் 54321 எஸ் வளைவுப் பக்கம் விழும், அங்கே நிறுத்த வழியில்லை. அதனால் நாளைக்குத் தென்காசி போய்க் காய்கறி வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். திரும்பும்போது சமதளத்திலேயே பிடித்துவிடலாம். மறுநாள் மலையேறினால் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் 54345. "செங்கோட்டையில காய்கறி கிடைக்காதா?" என்று மனைவி கேட்டாள். தென்காசியில் கத்திரிக்காய் பிஞ்சாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.