தேதி மறக்கும் டெஸ்க்டாப்புக்கு புது பேட்டரி

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறதா? மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையில், இருக்கும் காசு வடிவ பேட்டரியை முதலில் பாருங்கள். என்னுடையதை மல்டிமீட்டரில் வைத்தபோது 2.4 வோல்ட்தான் காட்டியது. 3 வோல்ட் இருக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியட்டும். கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். பெரும்பாலும் சிஆர்2032 வகை பேட்டரிதான் இருக்கும்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஓரத்துக் கொக்கியை நகத்தால் மெல்லத் தள்ளினால் துள்ளி எழும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே நெம்பாதீர்கள். பக்கத்துச் செம்பு இழை கீறிவிட்டால் போர்டே போச்சு. புதியதைப் பிளஸ் குறி மேலே தெரிய அழுத்துங்கள். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் தேதியைச் சரிசெய்து சேமியுங்கள்.

பழைய பேட்டரியை உடனே குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.