கம்பளி விரித்தும் சத்தம் குறையவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசலில் பஸ் ஹாரன் காதைத் துளைக்கிறது, தடிமனாக ஒரு கம்பளம் வாங்கிப் போட்டால் குறையுமா? குறையாது. பலரும் பணத்தை வீணடிப்பது இந்த இடத்தில்தான். வெளிச் சத்தத்தைத் தடுக்க எடையும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். கம்பளியில் இரண்டும் கிடையாது. அறைக்குள் பேச்சும் டிவியும் சுவருக்குச் சுவர் மோதி அலைவதை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. ஹாரன் தொல்லைக்கு ஸ்லைடிங் ஜன்னல் ஓரத்தில் தேய்ந்துபோன பிரஷ் பட்டையை மாற்றுங்கள், கதவுக்கடியில் ரப்பர் பட்டை அடியுங்கள். செலவும் குறைவு.

மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தமும் அப்படித்தான். அதற்கான மருந்து மேல் வீட்டுத் தரையில் போடப்பட வேண்டும்; நம் தரையில் எத்தனை கம்பளம் விரித்தாலும் பயனில்லை. நாற்காலிக் கால்களுக்கு வட்டக் கம்பளி ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) வாங்கிக் கொடுத்துவிடலாம். பசை ஒட்டும் வகை தினம் ஈரத்துணி போட்டுத் துடைக்கும் வீடுகளில் நிலைக்காது. பசை இளகி ஃபெல்ட் நகர்ந்துவிடும், அந்த ஓரத்தில் மண் ஒட்டி டைல்ஸைக் கீறும். மரக்காலுக்கு ஆணியோடு வரும் ஃபெல்ட், இரும்புக் குழாய்க் காலுக்கு ரப்பர் புஷ் சரி.

அடுத்தது அளவு. 5-க்கு 4 மீட்டர் ஹால், உயரம் 3 மீட்டர், தரையெல்லாம் டைல்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சாமான் எதுவும் இல்லாதபோது அதன் பரப்புகள் சத்தத்தில் சுமார் 3 சதவீதத்தைத்தான் உறிஞ்சும். அறையின் கொள்ளளவையும் உறிஞ்சும் அளவையும் வைத்து எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் சபின் சூத்திரத்தில் போட்டால் ஒலி அடங்க 3.4 விநாடி ஆகிறது. பேச்சு தெளிவாகக் கேட்க 0.6 விநாடி அளவுக்கு இறங்க வேண்டும். நடுவில் 5-க்கு 7 அடிக் கம்பளம் ஒன்றை, அடியில் கனமான ஃபெல்ட்டோடு விரித்தால் 2 விநாடி அருகில் வந்து நிற்கும். மிச்சத்தைத் துணி சோபா, திரைச்சீலை, சுவர்ப் பலகை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பவானி ஜமுக்காளம் அழகுதான், ஆனால் மெல்லிய தட்டை நெசவு. எதிரொலிக்கு அதை நம்ப வேண்டாம்.

அடியில் ஃபெல்ட் இல்லாமல் விரிப்பதுதான் கடைக்காரர்களும் சொல்லாமல் விடும் தவறு. கான்கிரீட் தரையில் நேராக விரித்த கனமான கம்பளம் 500 ஹெர்ட்ஸில் (ஒலி அதிர்வின் அளவு; எண் குறைந்தால் தாழ்ந்த ஒலி) சுமார் 14 சதவீதம் உறிஞ்சும். அதே கம்பளம் கனமான ஃபெல்ட் மேல் இருந்தால் 57. மனிதக் குரலின் வலு பெரும்பாலும் இந்தப் பகுதியைச் சுற்றித்தான். ஃபெல்ட்டைக் கம்பளத்தைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. சிறிதாக வெட்டுங்கள், இல்லையென்றால் ஓரம் தூக்கிக் கால் தடுக்கும். ஆனால் ஜெனரேட்டர், ஏசி அவுட்டோர் யூனிட் போன்றவற்றின் உறுமல் 125 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே ஃபெல்ட் போட்டாலும் 8 சதவீதம்தான். யூனிட்டின் அடியில் ரப்பர் மவுண்ட் வைப்பதே வழி.

திரைச்சீலையை ஜன்னல் அகலத்துக்கே தைத்துச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடுகிறார்கள். சதுர மீட்டருக்கு 340 கிராம் துணி அப்படித் தொங்கினால் 500 ஹெர்ட்ஸில் 11 சதவீதம். 475 கிராம் துணியை இரண்டு மடங்கு அகலம் எடுத்து மடிப்பாகத் தொங்கவிட்டால் 49. கம்பியைச் சுவரிலிருந்து 10, 15 செ.மீ. தள்ளிப் பொருத்துங்கள், பின்னால் காற்று இருந்தால் தாழ்ந்த ஒலியும் கொஞ்சம் அடங்கும்.

அலுவலக மீட்டிங் அறையில் ஃபெல்ட் பலகையைக் கூரையை ஒட்டி அலங்காரமாக அடிப்பதைப் பார்க்கலாம். பேசுபவர் வாய் இருப்பது தரையிலிருந்து 4 அடியில். 3 முதல் 6 அடி உயரத்துக்குள், அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் வையுங்கள்; அப்போது எதிரெதிர்ச் சுவர் ஜோடி ஒவ்வொன்றிலும் ஒரு பக்கமாவது மூடப்படும். நின்று கைதட்டினால் ‘ர்ர்ர்’ என்று இழுப்பது போய்விட வேண்டும். அழுக்காகும் என்று பலகைமேல் வினைல் ஒட்டுவதோ ஆயில் பெயின்ட் அடிப்பதோ அதைச் சாதாரணச் சுவராக்கிவிடும்.

பராமரிப்பில் இரண்டே எச்சரிக்கை. பிளீச் படக்கூடாது, கம்பளி கரைந்தே போகும். தரை துடைத்த ஈரத்தோடு விரிக்கவும் கூடாது. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரம் இழுக்கும், ஐப்பசி கார்த்திகையில் வாடை போகவே போகாது. அந்துப்பூச்சி சோபாவுக்கடியில் இருட்டில்தான் முட்டையிடும். மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தி அந்த இடத்தை வாக்குவம் செய்யுங்கள்.

வாங்கும்போது ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் நாற்றமும் நசுங்கும் சாம்பலும் என்றால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் செயற்கை இழை. சத்தத்துக்கு அதுவும் உதவும், கம்பளி விலைதான் கொடுக்க வேண்டியதில்லை.